ஐரோப்பாப் பயணமும் ஊர்க் கைபேசி இலக்கமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்த்து வருவதற்கென்று ஐரோப்பா செல்லும் பெற்றோர் இன்று எமது ஊர்களில் ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது இருக்கிறார்கள். மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டு போகலாம், ஒடியல் மாவைச் சுங்கத்தில் மறிப்பார்களா, பருத்தித்துறை வடை உடையாமல் போய்ச் சேருமா என்று ஒரு மாதம் இருந்து ஆராயும் நாங்கள், சட்டைப் பையிலே கிடக்கும் கைபேசி அங்கே போனதும் என்ன நிலைக்கு ஆளாகும் என்பதைப் பற்றி ஐந்து நிமிடமும் யோசிப்பதில்லை. யோசியாமற் போனவர்களில் நானும் ஒருவன் என்பதாலும், முப்பத்தொரு ஆண்டுகள் தபால் திணைக்களத்தில் இருந்து பிறருடைய செய்திகளை உரிய இடத்திற் சேர்ப்பித்த எனக்கே எனது செய்தியைச் சேர்ப்பிக்க வழி தெரியாமற் போயிற்று என்ற வெட்கத்தினாலும் இதனை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் நானும் மனைவியும் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இருவருமாக நாற்பது நாட்கள் ஐரோப்பாவில் இருந்தோம். பாரிசுக்கு வெளியே மகன் வீடு, சுவிசில் பேர்ண் நகருக்கு அருகே மைத்துனர் வீடு, ஜேர்மனியில் டோர்ட்முண்ட் பக்கம் பெரியப்பாவின் மகன் வீடு என்று மூன்று இடங்களிலும் தங்கினோம். ஊரில், கொக்குவிலில், எண்பத்து நான்கு வயதான என் மூத்த அக்காவை உதவிக்கு நிற்கும் ஒரு பெண்ணுடன் விட்டுச் சென்றோம். அக்காவுக்குக் கைபேசி சரிவராது. கூடத்தில் இருக்கும் 021 இலக்கத் தொலைபேசிதான் அவருடையது. நாங்கள் புறப்படும் நாளில் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "இருட்டினாப் பிறகு ஒருக்கா எடுங்கோ, நான் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு இருப்பன்." ஊரில் இரவு ஏழரை என்றால், கோடைக்காலத்தில் பாரிசிலும் சூரிச்சிலும் பிற்பகல் நான்கு மணி. எனவே நாற்பது நாளும் நாங்கள் எந்த மாளிகையின் முன்னால் நின்றாலும் எந்த ஏரிக்கரையில் நின்றாலும், நான்கு மணிக்கு ஒரு கைபேசி இயங்கியாக வேண்டும் என்பதே எங்கள் பயணத்தின் ஒரே கட்டாய நேரசூசியாக இருந்தது.

முதல் தவறு டோகாவிலேயே நடந்தது. விமானம் மாறுவதற்காக அங்கே மூன்று மணித்தியாலம் இருக்க நேர்ந்தபோது, எல்லோரையும் போல நானும் கைபேசியை இயக்கினேன். வங்கியின் குறுந்தகவல்கள் வந்து சேரவேண்டும் என்பதற்காக மருமகன் புறப்படுமுன்னரே ரோமிங் வசதியை, அதாவது ஊர் இணைப்பை வெளிநாட்டிலும் இயங்கவைக்கும் வசதியை, நிறுவனத்திடம் கேட்டு இயக்கி வைத்திருந்தார். ரோமிங் என்பதில் இரண்டு கதவுகள் உண்டு என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதற்கதவைத் திறப்பது எமது நிறுவனம். அது திறந்தால் அழைப்பும் குறுந்தகவலும் வரும். இரண்டாவது கதவு கைபேசியின் அமைப்புகளுக்குள்ளே 'டேட்டா ரோமிங்' என்ற பெயரில் இருக்கும் சிறிய ஆளி. அது திறந்திருந்தால், நாம் ஒன்றுமே செய்யாமல் கதிரையில் நித்திரை கொண்டாலும், செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும், கட்டுநாயக்கவில் எடுத்த படங்கள் தாமாகவே மேலேறும். என்னுடைய கைபேசியில் அந்த ஆளி திறந்தே கிடந்தது. எத்தனையோ மாதங்களுக்கு முன்னர் பேரன் விளையாட்டாகத் திறந்திருக்கக்கூடும், அவன் மறுக்கிறான்.

டோகாவில் தரையிறங்கியதும் மூன்று குறுந்தகவல்கள் வந்தன. மூன்றும் ஆங்கிலத்தில், எழுத்துச் சுருக்கங்களோடு, ஒரு மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று இருந்தன. மெகாபைட் என்பது எத்தனை படம், எத்தனை நிமிடம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. வரவேற்புச் செய்தி என்று எண்ணி அழித்துவிட்டேன். என்னுடையது பிற்கொடுப்பனவு இணைப்பு என்பதால் காசு தீர்ந்து தானாக அறுந்துபோகவும் வழியில்லை. ஊருக்குத் திரும்பிய பின்னர் கிடைத்த பட்டியலில் அந்த மூன்று மணித்தியாலத்துக்கான தொகை மட்டும் எனது ஒரு மாத ஓய்வூதியத்தின் பாதியைத் தாண்டியிருந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. வேறு நிறுவனங்களின் இணைப்பை வைத்திருக்கும் நண்பர்கள் சொன்ன கதைகளும் இதைப் போலத்தான் இருக்கின்றன.

வெளிநாட்டில் எமது சிம் அட்டை வேலை செய்வது, எமது நிறுவனம் அந்நாட்டு நிறுவனத்தின் கோபுரத்தை எமக்காக வாடகைக்கு எடுப்பதற்கு ஒப்பானது. வாடகையை அவ்விரு நிறுவனங்களும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்கின்றன; அதன் மேல் தமது இலாபத்தையும் வைத்து எமது நிறுவனம் எம்மிடம் அறவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு காலத்தில் நிலைமை இதுவாகவே இருந்தது. 2017 யூன் 15 ஆம் திகதி முதல் ஒன்றிய நாடுகளுக்கிடையே ரோமிங் மேலதிகக் கட்டணம் ஒழிக்கப்பட்டது. பிரான்சில் வாங்கிய இணைப்பு ஜேர்மனியிலும் இத்தாலியிலும் பெரும்பாலும் உள்ளூர்க் கட்டணத்திலேயே இயங்கும். ஒன்றியத்தில் இல்லாத நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய மூன்று நாடுகளும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ளன. 2022 இல் இந்த விதி 2032 வரை நீடிக்கப்பட்டபோது, நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று அறவிடக்கூடிய வாடகைக்கும் உச்சவரம்பு இடப்பட்டது: அவ்வாண்டில் ஒரு ஜிகாபைட்டுக்கு 2 யூரோ, படிப்படியாகக் குறைந்து 2027 இல் 1 யூரோ.

எமக்கு இதைவிட முக்கியமான விதி இன்னொன்று. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாட்டில் டேட்டா பயன்படுத்தும்போது கட்டணம் வரியின்றி 50 யூரோவை எட்டினால், அவர் வேறுவிதமாகக் கேட்டிருந்தாலன்றி, இணைப்பு தானாக நிறுத்தப்பட வேண்டும்; அதற்கு முன்னர் எண்பது வீதத்தை அடைந்ததும் எச்சரிக்கை அனுப்பப்பட வேண்டும். இவ்விதி 2010 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பாரிசில் மகன் இதைச் சொல்லக் கேட்டபோது எனக்கு வந்தது வியப்பை விட எரிச்சல்தான். அங்கே பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் ஒரு எளிய தடுப்பு எனது இணைப்பில் ஏன் இல்லை என்ற கேள்வியைத்தான் இக்கடிதத்தின் முடிவில் மீண்டும் கேட்கப் போகிறேன்.

பாரிசில் லாச்சப்பல் தெருவில் தமிழ்க் கடை ஒன்றில் கடவுச்சீட்டைக் காட்டி முற்கொடுப்பனவு சிம் அட்டைகள் வாங்கினோம். அந்தத் தெருவைப் பற்றி எழுதப் புகுந்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியில் நிற்கிறோமோ என்று ஒரு கணம் மயங்கினேன் என்பதோடு விட்டுவிடுகிறேன். என்னுடைய கைபேசி பழையது, ஒரு சிம் அட்டைக்கே இடமுள்ளது. எனவே ஊர் சிம்மைக் கழற்றவேண்டியதாயிற்று. நனோ சிம் என்று சொல்லப்படும் அந்தத் துண்டு 12.3 மில்லிமீற்றர் நீளமும் 8.8 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே வைப்பது என்று யோசித்து, நல்லூரிலிருந்து கொண்டுபோன விபூதிப் பொட்டலத்தின் கடதாசியை மடித்து, அதற்குள் சிம்மை வைத்து, விபூதிப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். நாள்தோறும் கையில் எடுக்கும் பை என்பதால் தொலையாது என்பது என் எண்ணம்.

மனைவியின் கைபேசியில் வேறொரு வில்லங்கம். புதிய சிம்மைப் போட்டதும் வட்ஸ்அப் செயலி, உங்கள் இலக்கம் மாறிவிட்டதா, புதிய இலக்கத்துக்கு மாற்றவா என்று கேட்டது. அவர் மரியாதையாக 'ஆம்' என்று அழுத்திவிட்டார். அழுத்தத் தேவையே இல்லை. சிம் மாறினாலும் வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே தொடர்ந்து இயங்கும். அவர் மாற்றியதன் பின்னர் ஊரிலுள்ளோருக்கு 33 என்று தொடங்கும் அறியாத இலக்கத்திலிருந்து அழைப்புப் போயிற்று. அக்காவுடன் நிற்கும் பெண், களவு அழைப்பு என்று எண்ணி நான்கு முறை துண்டித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது; அப்படித்தான் செய்யவேண்டும் என்று புறப்படுமுன் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

செங்கன் விசா ஒன்றை எடுத்தால் இருபத்தொன்பது நாடுகளுக்குப் போகலாம். பெரியவர் ஒருவருக்கு 90 யூரோவும் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோவும் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இவ்வளவும் கொடுத்து ஒரு முத்திரையைப் பெற்றவனுக்கு, அந்த முத்திரை செல்லும் இடமெல்லாம் கைபேசியும் செல்லும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்பு உடைகின்ற இடம் சுவிஸ். 2008 டிசம்பர் முதல் சுவிஸ் செங்கன் வலயத்தில் இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ரோமிங் ஏற்பாட்டிலும் இல்லை. பாரிசிலிருந்து சூரிச்சுக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியால ரயில் பயணம். பாசலில் எல்லை கடந்ததை நாங்கள் அறியவுமில்லை, எங்களைக் கடவுச்சீட்டுக் கேட்டவருமில்லை. எங்கள் பிரெஞ்சு சிம் அட்டைகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவற்றில் இருந்த சொற்பக் காசு, பேரப்பிள்ளைகள் யன்னலோரம் இருந்து பார்த்த காணொளிகளோடு சூரிச் வருமுன்னரே தீர்ந்துவிட்டது.

சூரிச் பிரதான ரயில் நிலையத்தில் பேர்ண் ரயிலுக்கு மாறவேண்டும். மருமகன் மூத்த பேரனைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றார்; நாங்கள் நால்வரும் பெட்டிகளோடு ஒரு தூணருகே நின்றோம். நின்ற இடத்தில் வழியை மறிக்கிறோம் என்று ஒருவர் சைகை காட்டியதால் சற்றுத் தள்ளிப் போனோம். அவ்வளவுதான். கீழே கடைகளும் மேடைகளுமாகப் பல தளங்கள் கொண்ட நிலையம் அது. அரை மணித்தியாலம் ஆளையாள் தேடினோம். கைபேசிகள் மூன்று இருந்தும் ஒன்றுக்கும் உயிரில்லை. இலவச வைஃபை கிடைக்குமா என்று மகள் முயன்றபோது, குறுந்தகவலில் வரும் இலக்கத்தைப் பதியுமாறு அது கேட்டது. குறுந்தகவல் வந்து சேர்வதற்குரிய சிம் அட்டையோ என் விபூதிப் பைக்குள் கிடந்தது. பொதுத் தொலைபேசிக் கூடு எங்கே என்று கேட்டதற்கு அங்கிருந்த இளைஞர் ஒருவர் சிரித்தே விட்டார். சுவிசில் கடைசிக் கூடு 2019 நவம்பரில் அகற்றப்பட்டதாகப் பின்னர் மைத்துனர் சொன்னார்.

அந்த அரை மணித்தியாலத்தில் எனக்கு யாழ்ப்பாணத்துக் கொமினிக்கேசன் கடைகள்தாம் நினைவுக்கு வந்தன. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜேர்மனியிலிருந்து அழைப்பு வரும் என்று கடிதத்தில் எழுதியிருந்தால், ஒன்பது மணிக்கே போய் வாங்கில் காத்திருப்போம். கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பலகையடித்த சிறு அறைக்குள் ஓடுவோம். பேசிய நிமிடத்தை விட அழுத நிமிடம் கூட. வீதி மூடப்பட்டும் தொடர்பு அறுந்தும் இருந்த காலங்களில் அதுவும் இல்லை. ஒரு வான்கடிதம் எனது மேசைக்கு வந்து சேர மாதங்கள் சென்றதுண்டு. இருந்தும் அப்போது ஒருவர் இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் இருப்பார் என்ற ஒழுங்கு ஒன்று இருந்தது. கைபேசியை நம்பி நாங்கள் அந்த ஒழுங்கைக் கைவிட்டு விட்டோம். சந்திக்கும் இடம் ஒன்றைப் பேசி வைத்திருந்தால் சூரிச்சில் எங்களுக்கு ஒரு குறையும் வந்திராது.

எங்களைச் சேர்த்து வைத்தவன் பேரன்தான். நல்லூர்த் தேருக்குப் போகும்போது, தொலைந்தால் தேடாதே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பெரிய பொருள் ஒன்றின் கீழ் அசையாமல் நில் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தோம். சூரிச் நிலைய மண்டபத்தின் கூரையிலிருந்து பொன் சிறகும் நீல உடையுமாகப் பிரமாண்டமான ஒரு பெண் தேவதை தொங்குகிறாள். நிக்கி டி சான் ஃபால் என்ற பிரெஞ்சுக் கலைஞர் செய்த அந்தச் சிற்பம் 1997 இல் அங்கே ஏற்றப்பட்டது, நிறை ஒரு தொன்னுக்கு மேல். பேரன் தகப்பனையும் இழுத்துக்கொண்டு வந்து அதன் நேர்கீழே நின்றான். அன்று அக்காவுக்கு அழைப்புப் போகையில் ஊரில் இரவு ஒன்பதரை. அவர் சாப்பிடாமல்தான் இருந்தார்.

ஜேர்மனியில் எங்கள் பிரெஞ்சு சிம் அட்டைகள் மீள்நிரப்பியதும் ஒரு சொல்லும் இல்லாமல் இயங்கின. டோர்ட்முண்டிலிருந்து ஹம் நகரம் பக்கம். அங்கே ஊன்ரொப் பகுதியில் உள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் திருவிழாக் காலம் அது. 2002 இல் குடமுழுக்குக் கண்ட அந்த ஆலயம் ஐரோப்பியப் பெருநிலத்திலுள்ள மிகப்பெரிய சைவ ஆலயங்களில் ஒன்று. தொழிற்சாலைகளுக்கு நடுவே இராசகோபுரம் எழுந்து நிற்கும் காட்சியை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். தீர்த்தம் டாற்றெல்ன் ஹம் கால்வாயில் நடைபெறுகிறது. சரக்குப் படகுகள் போகும் கால்வாய்க் கரையில், தமிழும் ஜேர்மன் மொழியும் மாறி மாறிக் கேட்கும் கூட்டத்துக்குள் நின்று நீரைத் தலையில் தெளித்து, விபூதிப் பையைத் திறந்து நானும் பூசிக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கொடுத்தேன். கடதாசி எந்தக் கையோடு போயிற்றோ, எப்போது விழுந்ததோ, தெரியாது.

அன்று பிற்பகல் நான்கரைக்கு, அயல்வீட்டுத் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல், டெங்கு இருக்குமோ என்று இரத்தம் சோதிக்க வேண்டும், தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டு போகிறேன், யோசிக்க வேண்டாம் என்றார். செலவுக்குப் பணம் அனுப்புவதற்காக எனது வங்கிச் செயலியைத் திறந்தேன். கணக்கில் பணம் இருந்தது, கடவுச்சொல் சரியாக இருந்தது, அவருடைய கணக்கிலக்கமும் இருந்தது. எல்லாம் பதிந்து முடிய, தங்கள் கைபேசிக்கு அனுப்பியுள்ள ஒருமுறைக் கடவுச்சொல்லை இரண்டு நிமிடத்துக்குள் பதியவும் என்றது. விபூதிப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். மேசை முழுவதும் விபூதி, சிம் இல்லை. மகளும் மருமகனும் மேசையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். பதினெட்டு நிமிடம் காத்திருந்த பின்னர் பேசிய பிள்ளை பண்பாகத்தான் பேசினார். மின்னஞ்சலுக்கு ஒருமுறைக் கடவுச்சொல்லை அனுப்ப முடியாது, கைபேசி இலக்கத்தை மாற்றுவதாயின் கிளைக்கு நேரில் வந்து படிவம் நிரப்பவேண்டும் என்றார். நான் ஜேர்மனியில் நிற்கிறேன் என்றேன். அப்படியானால் ஊருக்கு வந்ததும் வாருங்கள் என்றார். அயல்வீட்டுத் தம்பி தன் கைக்காசைப் போட்டுச் செலவழித்தார். டெங்கு இல்லை என்று மறுநாள் முடிவு வந்தது, அக்காவும் மூன்றாம் நாள் தொலைபேசிக்கு வந்துவிட்டார். அந்தத் தம்பி இல்லாத வீடுகள் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் பின்னர் யோசித்தேன். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், பெற்றோரும் பார்க்கப் போய்விட்டால், வீட்டில் மிஞ்சுபவர் ஒரு முதியவரும் ஒரு தொலைபேசியும்தான்.

போகவிருக்கும் வாசகர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள். கழற்றாதிருக்க இரண்டு வழி உண்டு. கைபேசியில் இரண்டு சிம்முக்கு இடமிருந்தால் ஊர் சிம்மை ஒன்றில் வைத்து, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடிவிட்டு, வெளிநாட்டு சிம்மை மற்றதில் போடலாம். அல்லது அட்டையே இல்லாத இ-சிம்மை வாங்கலாம். அழைப்பு விசைப்பலகையில் *#06# என்று அழுத்தும்போது ஈஐடி என்ற நீண்ட இலக்கம் தோன்றுமாயின் உங்கள் கைபேசி இ-சிம்மை ஏற்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கைபேசிகளில் சில அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டவையாக இருக்கும் என்பதால், புறப்படுமுன் வேறு சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வாங்கும் இணைப்பில் சுவிசும் பிரித்தானியாவும் அடங்குமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'ஐரோப்பா' என்று பொதுவாக அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஊர் சிம்முக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் ரோமிங்கில் உங்களுக்குக் காசு வெட்டப்படும். உறவினரை வட்ஸ்அப்பிலோ வைபரிலோ எடுக்கச் சொல்லுங்கள். அங்குள்ள பிள்ளைகள் ஊர்த் தொலைபேசிக்கு எடுக்கும்போது 0094 க்குப் பின்னர் 021 இலுள்ள பூச்சியத்தை விடவேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. என் பேத்தியொருத்தி ஓராண்டாக அப்பாச்சியின் தொலைபேசி பழுது என்றே எண்ணியிருந்தாள்.

பிள்ளைகள் வேலைக்குப் போன பின்னர் நான்காம் மாடியில் தனித்திருக்கும் பெற்றோருக்கு வீட்டு வைஃபை போதும் என்று எண்ணுவது பிள்ளைகள் விடும் பிழை. வாசலைத் தாண்டினால் அது இல்லை. 112 என்ற அவசர இலக்கம் ஐரோப்பா எங்கும் இலவசம் என்றாலும், ஜேர்மனியில் சிம் அட்டை இல்லாத கைபேசியிலிருந்து அதற்கு எடுக்க முடியாது. ஒரு மலிவான சிம்மைப் போட்டுக் கொடுத்து, வீட்டு விலாசத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்தையும் கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். கடதாசிக்கு மின்னேற்றத் தேவையில்லை. இன்னொன்று, ஐபிள் கோபுரத்தடியில் குடும்பமாக நிற்கும் படத்தை அன்றைக்கே முகநூலில் போடுவது, கொக்குவிலில் வீடு யாருடைய கண்காணிப்பும் இன்றிக் கிடக்கிறது என்று ஊருக்கு அறிவித்தல் ஒட்டுவதற்குச் சமம். திரும்பி வந்து போட்டாலும் கோபுரம் அங்கேதான் நிற்கும்.

இவை நாம் செய்துகொள்ளக்கூடியவை. எம்மால் முடியாதவை இரண்டு உண்டு; அவற்றுக்காகவே தங்கள் பத்திரிகையின் பக்கத்தை நாடுகிறேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, ரோமிங் டேட்டாவுக்கு வாடிக்கையாளர் கேட்காமலே பொருந்தும் ஒரு உச்சத்தொகையை எல்லா நிறுவனங்களுக்கும் விதிக்க வேண்டும். அந்தத் தொகை சிறியதாக இருக்கட்டும். மேலே வேண்டுபவர் கேட்டு உயர்த்திக் கொள்ளட்டும். எச்சரிக்கைக் குறுந்தகவல் வாடிக்கையாளர் தெரிவு செய்த மொழியில், மெகாபைட் கணக்கோடு ரூபாய்க் கணக்கிலும் வரவேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது என்று சட்டம் பேசுவோர் உண்டு. ஆனால் இதே நிறுவனங்கள் புதிய சலுகைகளை அறிவிக்கும் குறுந்தகவல்கள் மட்டும் எனக்குத் தூய தமிழில், பெரும்பாலும் மதிய நித்திரை நேரத்தில், தவறாமல் வருகின்றன.

வங்கிகளிடம் கேட்பது இதைவிடச் சிறியது. பயணம் செல்லும் வாடிக்கையாளர் ஒருவர் புறப்படுமுன் கிளைக்கு வந்து, இத்தனை நாட்களுக்கு ஒருமுறைக் கடவுச்சொல்லை இந்த மின்னஞ்சலுக்கும் அனுப்புக என்று கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழியொன்றைத் திறக்க வேண்டும். கடனட்டை வெளிநாட்டில் இயங்க வேண்டுமாயின் முன்கூட்டி அறிவியுங்கள் என்று சொல்லத் தெரிந்த வங்கிக்கு, சிம்மைக் கழற்றினால் உங்கள் கணக்கு உங்களுக்கே பூட்டப்படும் என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பி, அடையாள அட்டையோடு நேரில் போய்ப் புதிய சிம்மைப் பெற்றேன். அது பத்து நிமிட வேலை. அயல்வீட்டுத் தம்பியின் பணத்தையும் அன்றே கையில் கொடுத்தேன். டோகாக் கட்டணம் குறித்து நிறுவனத்துக்குத் தமிழில் இரண்டு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்து கிழமைக்குப் பின்னர் பதில் வந்தது. எனது முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்றும், கட்டணம் தொடர்பாக உரிய நேரத்தில் எனக்குக் குறுந்தகவல் மூலம் அறிவிக்கப்பட்டதாகவும், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அதன் பிரதியைத் தங்கள் பார்வைக்காக இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தபாலதிபர் ஒருவர்,
கொக்குவில்.